பிரசவம் முடிந்ததும் ஹீமோகுளோபின் 10.9, மூன்றாம் நாள் 7.4. முதல் ரிப்போர்ட் தவறா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். என் தங்கைக்குப் போன செவ்வாய்க்கிழமை விடிகாலை 4.20-க்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் பிரசவம், சுகப்பிரசவம், குழந்தை 3.6 கிலோ. ஊர்ப் பக்கத்துத் தனியார் மருத்துவமனை ஒன்று, பெயர் வேண்டாம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் நான்தான் கூட இருந்தேன்.

குழந்தையைத் துடைத்து என் கையில் கொடுத்தார்கள். அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அரை மணி நேரம் கழித்துத்தான் தங்கையின் பக்கம் திரும்பினேன். இடுப்புக்கு அடியில் விரித்திருந்த பச்சைத் துணி முழுக்க நனைந்து, ஓரத்தில் கட்டியாக நின்றது. நர்ஸ் வந்து மாற்றினார். அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் இரண்டு முறை மாற்றினார்கள். "அக்கா, தாகமா இருக்கு, காது அடைக்குது" என்றாள். உதடு வெளுத்திருந்தது. கேட்டதற்கு, "முதல் பிரசவம், கொஞ்சம் போகத்தான் செய்யும்" என்றார்கள். போனில் அம்மாவும், "கெட்ட ரத்தம் போகட்டும், உள்ளே தங்கினால்தான் ஆபத்து" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். கையில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே 6.30-க்கு எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 10.9. ஒன்பதாம் மாதத்தில் 11.4 இருந்தது. "அரை புள்ளிதான் இறங்கியிருக்கிறது, நார்மல்" என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளைப் பார்த்து நானும் நிம்மதியாகக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

வியாழன் காலை பாத்ரூம் போக எழுந்தவள் நிலைப்படியிலேயே சரிந்துவிட்டாள். மறுபடி ரத்தம் எடுத்தால் 7.4. இடையில் பெரிதாக ஒன்றும் போகவில்லை, ஒவ்வொரு நாப்கினையும் நான்தான் எடுத்துப் போட்டேன். அப்படியானால் முதல் ரிப்போர்ட் தவறா? வேறு யாருடைய ரத்தமோ மாறிவிட்டதா? அதிகமாக ரத்தம் போகிறது என்பதை ரத்தப் பரிசோதனையே காட்டாது என்றால், பக்கத்தில் இருப்பவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? இப்போது இரும்புச்சத்து டிரிப்ஸ் போடலாம் என்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

லேபர்வார்டு அம்மா (பதில்)

அம்மாடி, அரசு மருத்துவமனைகளில் 29 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் 18 வருடம் லேபர் வார்டு. உன்னை மகளாக நினைத்து 'நீ' என்றே எழுதுகிறேன்.

ரிப்போர்ட் மாறியிருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. 10.9 உண்மை, 7.4-உம் உண்மை. ஒரு குடம் மோரில் பாதியைக் கீழே கொட்டிவிட்டு மீதியை ருசி பார். அதே கெட்டி, அதே புளிப்பு. எவ்வளவு போயிற்று என்று நாக்குக்குத் தெரியாது. குடத்தில் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் மோர் நீர்க்கும். ஹீமோகுளோபின் எண்ணும் அப்படித்தான். 100 மில்லி ரத்தத்தில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. உடம்பில் மொத்தம் எத்தனை லிட்டர் மிச்சம் என்று சொல்வதில்லை. ரத்தம் போனபின் திசுக்களில் இருக்கும் நீரை உடம்பு மெல்ல மெல்ல ரத்தக்குழாய்க்குள் இழுக்கிறது, நாமும் டிரிப்ஸ் ஏற்றுகிறோம். அதெல்லாம் கலந்து எண் முழுதாக இறங்க ஒன்று, இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். செவ்வாய்க்கிழமை விடிகாலை போன ரத்தம்தான் வியாழக்கிழமைத் தாளில் தெரிந்தது.

அதனால் பிரசவ மேசையில் ரத்தம் போகும்போது எச்.பி. (ஹீமோகுளோபின்) சீட்டைப் பார்த்து நிம்மதி அடையவே கூடாது. இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 2004 வாக்கில் ஒரு இரவு டியூட்டி. மூன்றாவது பிரசவம், நஞ்சுக்கொடி வந்துவிட்டது, ஆனாலும் கசிந்துகொண்டே இருந்தது. கொட்டவில்லை, கசிவுதான். அப்போதெல்லாம் சாலி குழாயில் ஆசிட் விட்டு, நிறத்தைக் கண்ணால் ஒத்துப் பார்த்து எச்.பி. சொல்வார்கள். சீட்டு வரட்டும் என்று 20 நிமிடம் காத்திருந்தேன். 10 என்று வந்தது. சரி என்று மூச்சு விட்டு வயிற்றில் கை வைத்தால், கர்ப்பப்பை பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று தொப்புளுக்கு மேலே ஏறி நிற்கிறது. அழுத்தியதும் உள்ளே தேங்கியிருந்த கட்டிகள் மொத்தமாக வந்து விழுந்தன. நான்கு யூனிட் ரத்தம் ஏற்றி அந்தப் பெண்ணைக் காப்பாற்றினோம். ஆனால் அந்த 20 நிமிடம் என் கணக்கில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு சீட்டுக்காக நான் காத்திருந்ததே இல்லை. கை முதலில் வயிற்றுக்குத்தான் போகும்.

எதைப் பார்ப்பது என்று கேட்டாய். முதலில் போன ரத்தத்தை அளக்க வேண்டும். கண்ணால் மதிப்பிடும்போது அனுபவசாலிகள்கூடக் குறைத்துத்தான் சொல்வோம். கர்நாடகாவில் பெலகாவி மருத்துவக் கல்லூரிக்காரர்களும் அமெரிக்க மருத்துவர்களும் சேர்ந்து, பிரசவித்தவளின் இடுப்புக்கு அடியில் விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் விரிப்பைச் செய்தார்கள். அதன் நுனி புனல் மாதிரிப் பையாக முடியும், பையில் மில்லி அளவு கோடு போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டால் கண் மதிப்பீடு மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் அப்படிப்பட்ட விரிப்பைப் போட்டு, அளவு தாண்டியதும் கர்ப்பப்பை மசாஜ், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின், ரத்தக் கட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் ஆசிட், டிரிப்ஸ், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்து பார்த்தார்கள். முடிவு 2023-இல் வெளிவந்தது. வழக்கமான முறையில் பாதிப் பேருக்குத்தான் அதிக ரத்தப்போக்கு இருப்பதே கண்டுபிடிக்கப்பட்டது. விரிப்பு போட்ட இடங்களில் 93 விழுக்காடு. கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று ஆபரேஷன், அதனால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு 60 விழுக்காடு குறைந்தது. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பை, அம்மா! லேப்கூட வேண்டாம்.

விரிப்பு இல்லாத இடத்தில் தராசு போதும். நனைந்த துணியை நிறுத்து, அதே மாதிரி உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. குழந்தையை நிறுத்த தராசு அந்த அறையிலேயே இருந்திருக்கும். உன் தங்கையின் மூன்று துணிகளையும் அதில் வைத்திருந்தால் பதில் அங்கேயே கிடைத்திருக்கும்.

அடுத்தது நாடி. பிரஷர் நம்மை ஏமாற்றிவிடும். கர்ப்பத்தில் ரத்த அளவு வழக்கத்தைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியிருக்கிறது. வயதும் சின்னது. ஒரு லிட்டருக்கு மேல் போனபிறகும் பிரஷர் பிடித்துக்கொண்டு நிற்கும், விழும்போது ஒரேயடியாக விழும். நாடி அதற்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். நாடித்துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பார். 0.9-ஐத் தாண்டினால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன் கேஸ் ஷீட்டைக் கேட்டு, அந்த விடிகாலை என்ன குறித்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்.

அதிக ரத்தப்போக்கு என்பதற்கு 500 மில்லிதான் நாங்கள் படித்த எல்லை. 2025-இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் திருத்தி, நாடியோ பிரஷரோ சரியில்லை என்றால் 300 மில்லியிலேயே வைத்தியத்தைத் தொடங்கச் சொல்லிவிட்டது.

கடைசியாக, உன் அம்மாவிடம் கோபப்படாமல் சொல். கெட்ட ரத்தம் என்று ஒன்று கிடையாது. அவள் உடம்பில் ஓடிய அதே ரத்தம்தான், குழந்தையை வளர்த்த ரத்தம்தான் அது. பிறகு பல நாள் மெதுவாகப் படும் கசிவு வேறு, முதல் இரண்டு மணி நேரத்தில் துணி மாற்ற மாற்ற நனைவது வேறு. "அழுக்கு போகட்டும்" என்று வாசலில் உட்கார்ந்திருந்த மாமியார்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தில் சொன்னவர்கள் இல்லை. ஆனால் அந்த வார்த்தையால் உள்ளே படுத்திருப்பவள் வாய் திறக்கவே கூச்சப்படுகிறாள்.

ஊதாமூடி (பதில்)

அக்கா, நான் லேப் டெக்னீஷியன். லேபர்வார்டு அம்மா சொன்னதில் மாற்றமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் மட்டும்.

டிரிப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அதே கையிலா, மறு கையிலா? டிரிப்ஸ் ஏறும் கையில், ஊசிக்கு மேல் பக்கம் எடுத்தால் சலைன் கலந்து எண் பொய்யாகக் குறையும். அந்தப் பிழை நடந்திருந்தால்கூட 10.9 என்பது இன்னும் கீழேதான் வந்திருக்கும். அதனால் அது உங்கள் புதிரை விளக்காது. வியாழக்கிழமை எடுத்ததைத்தான் அப்படிச் சந்தேகிக்க முடியும். அன்றைக்கு டிரிப்ஸ் இல்லையென்றால் 7.4-ஐ நம்பலாம். ஒன்பதாம் மாத 11.4 எந்த மெஷினில் பார்த்தது என்றும் கேளுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதற்கும் ஊதா மூடி டியூபில் எடுத்து கவுண்ட்டர் மெஷினில் போடுவதற்கும் சில சமயம் ஒரு புள்ளி வரை வித்தியாசம் வரும்.

ரத்தம் போகும் நேரத்தில் பரிசோதனையே வேண்டாமா என்றால், வேண்டும், அது வேறு வேலைக்கு. முதல் எச்.பி. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க. குரூப்பும் கிராஸ் மேட்சும் (ஏற்றப்போகும் ரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனை) ரத்தம் ஏற்ற. அதைவிட அவசரமானது, ரத்தம் உறைகிறதா என்பது. உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் என்ற புரதம்தான் பெரிய ரத்தப்போக்கில் முதலில் தீர்ந்துபோகிறது.

இங்கே பலரும் தவறும் ஒரு இடம் இருக்கிறது. ரிப்போர்ட்டில் இதன் நார்மல் அளவு 100 மில்லிக்கு 200 முதல் 400 மில்லிகிராம் என்று அச்சடித்திருப்போம். அது கர்ப்பமாக இல்லாதவர்களுக்கு. நிறைமாதத்தில் ஃபைப்ரினோஜன் 400 முதல் 600 வரை ஏறியிருக்க வேண்டும். பிரசவித்தவளுக்கு 210 என்று வந்தால் கம்ப்யூட்டர் அதைத் தடித்த எழுத்தில் போடாது, "நார்மல்" வரிசையிலேயே நிற்கும். உண்மையில் அவளிடம் இருந்ததில் பாதி போயிருக்கும். பிரான்சில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ரத்தப்போக்கு தொடங்கிய நேரத்தில் 200-ஐத் தாண்டாத பெண்கள் அத்தனை பேருக்கும் அது கடுமையான ரத்தப்போக்காகவே முடிந்தது. அதனால் லேபர் வார்டிலிருந்து வரும் தாளில் 200-ஐ ஒட்டி ஒரு எண்ணைப் பார்த்தால் நான் அச்சடித்து அனுப்பிவிட்டு உட்கார்வதில்லை, போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன்.

அதற்கு நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் நிரப்ப வேண்டும், ஒன்பது பங்கு ரத்தத்துக்கு, அதை உறையவிடாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்கு. அவசரத்தில் பாதிதான் நிரப்பி அனுப்புவார்கள், கணக்கே மாறிவிடும். மறுபடி எடுக்கச் சொன்னால் திட்டும் விழும். பரவாயில்லை, தவறான எண்ணைவிடத் திட்டு மேல்.

லேப் இல்லாத ஊரில் பழைய முறை ஒன்று இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த சிறு கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, உள்ளங்கைக்குள் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். நான்கு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும், அப்புறம் நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிடமாகியும் உறையவில்லை, அல்லது உறைந்தது தொட்டதும் கரைகிறது என்றால் உறைதலில் கோளாறு. பிளாஸ்டிக் குழாயில் செய்தால் நேரம் மாறிவிடும், கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும்.

இரட்டைப்பிள்ளைத் தாய் (பதில்)

தோழி, 2021-இல் எனக்கு இரட்டைப் பிள்ளைகள், சிசேரியன். மூன்றாம் நாள் 6.8. இரண்டு யூனிட் பேக்டு செல் (பிரித்தெடுத்த சிவப்பணுக்கள்) ஏற்றினார்கள், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி ஏறும் என்றார்கள், 8.7 வந்தது. பிறகு இரும்புச்சத்து ஊசி டிரிப்ஸில், 1000 மில்லிகிராம் ஒரே தடவையில் கால் மணி நேரம். உடனே தெம்பு வரவில்லை. மூன்றாவது வாரத்தில்தான் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காமல் இருந்தது. உங்கள் தங்கைக்கு ரத்தம் ஏற்றுவதா, இரும்பு போதுமா என்பதை எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள். தலைசுற்றல், படபடப்பு, மூச்சு எல்லாம் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். நான் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு நாளை வீணாக்கினேன். எனக்குப் பால் ஐந்தாம் நாள்தான் ஊறியது. ரத்தம் நிறையப் போனால் தாமதமாகும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அத்தனை அழுதிருக்க மாட்டேன்.

வைகைக்கரை

மூன்று பேருக்கும் நன்றி. கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 4.40-க்கு நாடி 96, பிரஷர் 116/74. 5.15-க்கு நாடி 118, பிரஷர் 110/70. 5.45-க்கு நாடி 122, பிரஷர் 104/66. ரத்தப்போக்கு என்ற இடத்தில் "சாதாரணம்" என்று ஒரே சொல். அளவு எதுவும் இல்லை. வகுத்துப் பார்த்தேன் அம்மா. 4.40-க்கு 0.83. 5.15-க்கு 1.07. 5.45-க்கு 1.17. எழுதியவர் நாடியைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். எண்ணிய பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் டீ குடிக்கப் போன நேரத்தை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

தம்பி, ரத்தம் எடுத்தது மறு கைதான். வியாழக்கிழமை டிரிப்ஸ் இல்லை.

டாக்டரிடம் இந்தத் தாளை வைத்தே பேசினேன். சண்டை போடவில்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதினார். உள்ளே நஞ்சுத் துண்டு எதுவும் தங்கவில்லை. படுத்திருக்கும்போது நாடி 92, மூச்சுத் திணறல் இல்லை, அதனால் ரத்தம் வேண்டாம், இரும்பு போதும் என்று இன்று ஏற்றினார்கள். நாளை வீட்டுக்குப் போகலாம் என்கிறார். வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

அம்மாவுக்கு உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. பத்தியம் என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுத்துக்கொண்டிருந்தவர், சாயங்காலம் செம்பு நிறையக் கொண்டுவந்து தங்கையின் தலைமாட்டில் வைத்தார்.

லேபர்வார்டு அம்மா

5.15-க்கு 1.07. அந்த நேரத்திலேயே ஆள் கூடியிருக்க வேண்டும். டிரானெக்சாமிக் ஆசிட்கூட பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், தாமதமாகும் ஒவ்வொரு கால் மணி நேரமும் பலனைத் தின்றுவிடும். 6.30 சீட்டு வந்து எல்லோரையும் ஆற்றிவிட்டது. உன்னை நீ நொந்துகொள்ளாதே. துணியைப் பார்த்தவளும் நீதான், உதட்டைப் பார்த்தவளும் நீதான்.

வீட்டில்: ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய பேட் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி விழுந்தாலோ, குறைந்த கசிவு திடீரென்று சிவப்பாகக் கூடினாலோ, காய்ச்சல், நாற்றம், மயக்கம் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடு. பிரசவமாகிப் பல வாரம் கழித்துக்கூட இப்படி வரலாம். முதல் சில நாள் தனியாக பாத்ரூம் போகவிடாதே, எழுந்ததும் கட்டிலில் ஒரு நிமிடம் உட்காரட்டும். டிரிப்ஸில் இரும்பு ஏறிவிட்டதால் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று டாக்டரையே கேள். தொடங்கினால் ஆறு மாதம், டீ காபியோடு வேண்டாம், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

பால் விஷயத்தையும் கவனி. தாமதமாவது சகஜம்தான். ஆனால் நாள் கடந்தும் சுத்தமாகப் பால் ஊறவில்லை, மாதங்கள் போயும் சோர்வு விடவில்லை, தாய்ப்பால் கொடுக்காதபோதும் மாதவிடாய் திரும்பவில்லை என்றால், பிரசவத்தில் நிறைய ரத்தம் போனதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ரத்தம் குறைந்து மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி கெட்டுப்போவது அபூர்வம், ஆனால் உண்டு. ஷீஹன் என்ற மருத்துவர் 1937-இல் எழுதி வைத்தது. தைராய்டு, கார்டிசால், புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இடத்தில் ரத்தப் பரிசோதனை நிஜமாகவே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

ஊதாமூடி

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன் அக்கா. அடுத்த எச்.பி. மூன்று, நான்கு வாரம் கழித்துப் பாருங்கள், முடிந்தால் அதே லேபில். உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னால் ஆறு வாரம் போகட்டும். பிரசவத்தை ஒட்டியும், இரும்பு ஏற்றிய கையோடும் எடுத்தால் அது ஏறித்தான் காட்டும், இரும்பு நிறைய இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். கேஸ் ஷீட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழந்தைக்கு எந்த ஊரில் சேர்த்தாலும் முதல் நாளே காட்டலாம். ரத்த வங்கி பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்க்கச் சொல்வார்கள்.

வைகைக்கரை

படம் எடுத்துவிட்டேன் தம்பி. குழந்தை இப்போதுதான் தூங்குகிறது. அம்மா நாடி எண்ணக் கற்றுக்கொண்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தங்கையின் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். 88 என்கிறார். நானும் எண்ணினேன், 88-தான்.